நீலப் பெட்டி அடுப்பு

ஸ்டவ் வெடித்துச் செத்தாள் என்று யாராவது சொன்னால், அந்தக் காலத்தில் கேட்டவர்கள் முகத்துக்கு நேரே உச்சுக்கொட்டுவார்கள். நாலடி தள்ளிப் போனதும் "எவன் கொளுத்துனானோ" என்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஊரிலுள்ள ஸ்டவ்வெல்லாம் மருமகள்களை மட்டும் ஆள் பார்த்து வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. எந்த மாமியாராவது, எந்த நாத்தனாராவது ஸ்டவ் வெடித்துச் செத்ததாக ஒரு தகவல் உண்டா? கிடையாது. அவ்வளவு புத்திசாலியான அடுப்புகள்.

கருப்பாத்தாளும் அப்படி உச்சுக்கொட்டியவள்தான். பேப்பரில் அந்த மாதிரிச் செய்தியை யாராவது படித்துச் சொன்னால், "நாசமாப் போறவங்க, அவங்களுக்கும் ஒரு புள்ள இருக்காதா?" என்று மண்ணை வாரித் தூற்றுவாள். சத்தியமங்கலம் பக்கம் ஊரான் தோட்டங்களில் களை வெட்டிக் காலம் தள்ளியவள். புருசன் போன பிறகு ஒற்றை மகன் வேலனைக் கூட்டிக்கொண்டு கோயமுத்தூருக்கு வந்து, கணபதியில் ஒரு லைன் வீட்டில் குடியேறினாள். முன்னால் வரிசையாகப் பட்டறைகள். வீட்டுக்குப் பின்சுவரை ஒட்டி இரும்பு உருக்குகிற பவுண்டரி. அந்தச் சத்தத்துக்கும் புகைக்கும் நடுவில்தான் வேலன் லேத் வேலை கற்றுக்கொண்டு ஆளானான்.

அவனுக்குப் பவானியில் பெண் பேசினார்கள். பெண்ணின் பெயர் மதிவதனி. அப்பா நஞ்சப்பன் ஜமக்காளத்துக்கு நூல் சாயம் போடுகிற பட்டறையில் வேலை செய்கிறவர். அம்மா இல்லாத பெண்ணை ஒண்டியாக வளர்த்தவர். எல்லாம் பேசி முடித்து வெற்றிலைத் தட்டு கை மாறும் நேரத்தில் மனுசன் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லோணுமுங்க சம்பந்தியம்மா. என்ற அண்ணன் மக வள்ளியாத்தாளக் கட்டிக் குடுத்த எடத்துல, ஸ்டவ் வெடிச்சுதுன்னு சொல்லித் துணியில சுத்திக் குடுத்தாங்க. அதனால என்ற புள்ள சீமெண்ணெய் அடுப்பத் தொடமாட்டா. அதுக்கு ஒத்துக்கிட்டீங்கன்னா தட்ட வாங்கிக்கலாமுங்க."

கருப்பாத்தாளுக்குச் சுருக்கென்றது. "எங்களப் பாத்தாப் புள்ளயக் கொளுத்தறவங்களாட்டவா தெரியுது?" என்று கேட்க வாய் வரை வந்தது. சபையில் அடக்கிக்கொண்டு, சரியென்று தட்டை வாங்கிக்கொண்டாள். அந்த முள் மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. ஊருக்குத் திரும்பியதும், தான் இத்தனை வருசம் சமைத்த திரி ஸ்டவ்வைத் துடைத்துப் பரணில் ஏற்றி வைத்தாள். கொடுத்த வாக்கு வாக்குதான்.

கேஸ் கனெக்சனுக்குப் பதிந்து வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் கேஸுக்குப் பதிந்தவன் பேரன் பேத்தி எடுத்த பிறகுதான் சிலிண்டரைப் பார்ப்பான் என்று கேலி பேசுவார்கள். அதுவரை பச்சைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க முடியுமா? கல்யாணம் முடிந்த கையோடு, நஞ்சப்பன் மகளையும் சம்பந்தியையும் கூட்டிக்கொண்டு உக்கடம் பக்கம் அக்பர் அலியின் பாரின் சாமான் கடைக்குப் போனார்.

டார்ச் லைட், மடக்குக் குடை, செண்ட்டு பாட்டில் இவற்றுக்கு நடுவில் அக்பர் அலி இரண்டு அடுப்புகளை எடுத்து வைத்தார். ஒன்று, குண்டுச் சிலிண்டர். அதன் தலையிலேயே பர்னர். இன்னொன்று, சூட்கேஸ் மாதிரி நீலப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் தட்டையாகப் படுத்திருந்த அடுப்பு. அதன் ஒரு பக்கத்தில் சின்ன மூடி. மூடிக்குள் பூச்சி மருந்தடிக்கிற ஹிட் டப்பா உயரத்துக்கு ஒரு கேஸ் டப்பா.

"குண்டுச் சிலிண்டருன்னா எங்க வேணா ரொப்பிக்கலாமுங்க. ஆனா ஒசரம். கொஞ்சம் சாஞ்சா சோறும் போச்சு, காலும் போச்சு. இது மட்டமா உக்காந்துக்கும். சமைச்சு முடிச்சு டப்பாவக் கழட்டி வெச்சுட்டா அடுப்புல கேஸே கெடையாது. என்ற ஊட்டுக்குன்னா இதத்தான் எடுப்பேன்" என்றார். பிறகு மதிவதனியைப் பார்த்து, "ரெண்டே பத்தியம் கண்ணு. காலி டப்பாவ வீசிப்போடோணும், மறுக்கா ரொப்பக் கூடாது. அது மெல்லிசுத் தகரம், ஒரு தடவைக்குத்தான். அப்பறம், வெக்கிற பாத்திரம் பர்னரோட நிக்கோணும். டப்பா இருக்கற பக்கம் நீட்டிக்கிட்டுப் போச்சுன்னா டப்பா சூடாகும். சூடாச்சுன்னா அத நிறுத்த ஆளில்லை" என்றார்.

மதிவதனி பள்ளிக்கூடத்துப் பாடம் போல இரண்டையும் திருப்பிச் சொன்னாள். குமிழைத் திருகினாள். டிக்கென்று சத்தம், தீக்குச்சி இல்லாமலேயே நீலச் சுடர் வட்டமாக எழுந்தது. அவள் சிரித்த சிரிப்பில் கடைக்காரரே சிரித்துவிட்டார். கருப்பாத்தாள் மட்டும் குடைகளைப் பார்த்தபடி, சம்பந்தி தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தையே நினைத்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் சொன்னதில் பாதிதான் அவள் காதில் விழுந்தது.

மதிவதனி நல்ல பெண். இதைக் கருப்பாத்தாளே வாய்விட்டுச் சொல்வாள். மில்லுக்கு முதல் ஷிப்டு போவதற்குள் சோறும் குழம்பும் செய்து வைத்துவிட்டு, மாமியாருக்கு டீயையும் கையில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவாள். எதைச் சொன்னாலும் "சரிங்கத்தை". உப்புப் பத்தலை என்றாலும் "சரிங்கத்தை", இன்னைக்குத் தலைக்கு ஊத்தாதே என்றாலும் "சரிங்கத்தை". பக்கத்து வீட்டு ஹபீபுன்னிசா, "எம்மருமகளுக்கும் அந்த மந்திரத்தச் சொல்லிக் குடு மதி" என்று கிண்டல் செய்வாள்.

சிக்கல் டப்பாவில் வந்தது. கப்பலில் வருகிற சரக்கு. ஒரு சமயம் வந்தது, பிறகு வரவேயில்லை. அக்பர் அலி கையை விரித்துவிட்டார். காலி டப்பாக்கள் கட்டிலுக்கடியில் அடுக்கியபடி கிடந்தன. வீசிப்போடுவது என்கிற பழக்கம் கணபதியில் எந்தக் காலத்திலும் கிடையாது. ஒரு சாமானைக் கண்ணில் காட்டினால் அடுத்த வாரம் அதற்கு ஒரு தம்பியைக் கடைந்து கையில் கொடுக்கிற ஊர் அது. சீமையில் செய்த பம்பை இங்கே பிரித்துப் பார்த்துவிட்டு, இதைவிட நன்றாகச் செய்கிறோம் என்று மார்தட்டியவர்களின் ஊர். அங்கே வளர்ந்த வேலனுக்கு ஒரு டப்பாவின் வாய் எம்மாத்திரம்? நாலு நாள் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஐந்தாம் நாள், கேஸ் ஏற்றுவதற்கு அந்த வாயில் பொருந்துகிற மாதிரி பித்தளையில் ஒரு நாசிலைக் கடைந்துகொண்டு வந்தான். பட்டறையில் பற்றவைக்கிற வேலைக்கு ஒரு கேஸ் சிலிண்டர் உண்டு. முதலாளி சாப்பிடப் போகிற நேரத்தில் அதிலிருந்து டப்பாவை ரொப்பிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்துவிடுவான்.

"மாமா, கடைக்காரர் ரொப்பக் கூடாதுன்னாருங்களே" என்றாள் மதிவதனி.

"அவரு யாவாரி. அப்படிச் சொன்னாத்தான புது டப்பா விக்கும்?"

கருப்பாத்தாளுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. மகனைப் பற்றிப் பெருமையாகவும் இருந்தது. அடுப்பு எரிந்தது, முன்னைக் காட்டிலும் சுள்ளென்றே எரிந்தது. ஒரே டப்பா திரும்பத் திரும்பப் பட்டறைக்குப் போய் வந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாமல் இருக்கிறவரைக்கும் எல்லோருமே கெட்டிக்காரர்கள்தான்.

மாரியம்மன் நோம்பிக்கு மகளையும் மருமகனையும் அழைத்துப் போக நஞ்சப்பன் வருவதாகச் சொல்லியிருந்தார். அன்று மதிவதனி மில்லுக்கு லீவு. வேலன் அரைநாள் வேலை முடித்து வருவதாகப் போயிருந்தான். சம்பந்தி வருகிறாரே என்று கருப்பாத்தாள் நாட்டுக்கோழி வாங்கி வந்திருந்தாள். மருமகள் வழக்கமான சின்னச் சட்டியை அடுப்பில் வைத்ததைப் பார்த்து அவளுக்குப் பொறுக்கவில்லை. பரணிலிருந்து அகலமான பித்தளைப் போசியை இறக்கினாள்.

"இதுல வையி கண்ணு."

"இது டப்பா மேல வருதுங்கத்தை. வெறகு மூட்டி வெளிய வெச்சுக்கலாங்களா?"

"வந்தா என்ன? அடுப்புக்குக் கண்ணா இருக்குது? உங்கப்பன் வாரப்பச் சின்னச் சட்டில வெச்சு அளந்து போட்டா, புள்ளயப் பட்டினி போடறாங்கன்னு நெனைக்கமாட்டாரா?"

பழைய முள்தான் பேசியது. மதிவதனி ஒரு நிமிசம் போசியையும் அடுப்பையும் பார்த்தாள்.

"சரிங்கத்தை."

கருப்பாத்தாள் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். இரண்டாவது குடம் நிறைகிறபோது சத்தம் கேட்டது. பவுண்டரியில் ஏதோ விழுந்தது என்றுதான் குழாயடியில் நின்ற எல்லோரும் நினைத்தார்கள். அப்புறம்தான் அந்த அலறல். ஓடி வந்தபோது, ஹபீபுன்னிசா மதிவதனியை வாசலில் போட்டு, பவானிச் சீராக வந்த ஜமக்காளத்தால் சுற்றி அமுக்கிக்கொண்டிருந்தாள். சேலை மேலோடு ஒட்டிப்போயிருந்தது. யாரோ ஆட்டோவைக் கூப்பிட்டார்கள். ஹபீபுன்னிசா ஏறி, மதிவதனியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ ஏறுக்கா!"

"நீங்க போங்க, ஊட்டப் பூட்டிப்போட்டு வாரேன்" என்றாள் கருப்பாத்தாள்.

அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எல்லாம் நடந்தது. உள்ளே அடுப்பு இரண்டாகப் பிளந்து கிடந்தது. டப்பா வாழைப்பூ மடல் மாதிரி விரிந்திருந்தது. போசி மூலையில் கவிழ்ந்து, குழம்பு சுவரெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. அவளுக்கு முதலில் தோன்றியது மருமகளின் முகம் அல்ல, மகனின் முகம். பட்டறை கேஸைத் திருடி ரொப்பியது வெளியே வந்தால் போலீஸ் பிடிக்கும். முதலாளி விடமாட்டார். அப்புறம் அந்தப் போசி. அதை வைக்கச் சொன்னது யார்?

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அவள் மனசு பதறிக்கொண்டிருந்தது. கை மட்டும் பதறவேயில்லை. அடுப்பு, டப்பா, வேலன் வீட்டில் வைத்திருந்த பித்தளை நாசில் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டாள். பின்பக்கம் போய்ப் பவுண்டரியின் பழைய இரும்புக் குவியலில், ஆள் பார்க்காத நேரமாக எறிந்தாள். பரணிலிருந்து திரி ஸ்டவ்வை இறக்கி, அடுப்பு இருந்த இடத்தில் வைத்தாள். நம்பும்படியாக இருக்கட்டும் என்று கொஞ்சம் மண்ணெண்ணெயைத் தரையிலும், அங்கே கிடந்த கருகிய சேலைத் துண்டுகள் மேலும் தெளித்தாள். ஸ்டவ் வெடித்தது என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அதுதான் எல்லா ஊரிலும் நடக்கிறதே. அந்த வார்த்தையை யாரும் நம்புவதில்லை என்பது, அதே வார்த்தையைக் கேட்டு மண்ணை வாரித் தூற்றிய அவளுக்கே அந்த நேரத்தில் நினைவு வரவில்லை.

பெரியாஸ்பத்திரியில் மதிவதனியை வாழையிலையில் கிடத்தியிருந்தார்கள். நினைவு நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை. நர்சு அந்தப் பக்கம் போனதும் கருப்பாத்தாள் குனிந்தாள்.

"கண்ணு, கேஸுன்னு சொல்லீராத. ரொப்புனது தெரிஞ்சா உன்ற மாமன உள்ள வெச்சுருவாங்க. சீமெண்ணெய் ஸ்டவ் வெடிச்சுதுன்னு சொல்லு. நீ பொழச்சு வந்துருவ, நான் மாரியாத்தாளுக்கு வேண்டியிருக்கறேன். என்ன கண்ணு, சொல்லுவயா?"

உதடு வெந்திருந்தது. அந்த உதட்டை அசைத்து மதிவதனி சொன்னாள்.

"சரிங்கத்தை."

மாஜிஸ்திரேட் வந்து எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு வாக்குமூலம் வாங்கினார். சீமெண்ணெய் ஸ்டவ் வெடித்துவிட்டது, யாரும் ஒன்றும் செய்யவில்லை என்று அவள் சொன்னாள். நோம்பிக்கு அழைக்க வந்த நஞ்சப்பன், கையில் பூவும் பழமுமாக வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். வேலன் சுவரோரமாகக் குந்தியிருந்தான். அம்மா செய்து வைத்த காரியம் தெரிந்ததும் அவளை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தான். ஆனால் அவனும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் மதிவதனி செத்துப்போனாள்.

கல்யாணமாகி ஒரு வருசம்கூட நிறையாத பெண். ஆர்.டி.ஓ. விசாரணை வரும், அதற்கு முன்னால் போலீஸ் வரும். இன்ஸ்பெக்டர் வீட்டுக்குள் வந்து நாலா பக்கமும் பார்த்தார். சேலைத் துண்டை எடுத்து முகர்ந்தார். திரி ஸ்டவ்வைத் தூக்கிக் காதருகே வைத்து ஆட்டினார்.

"ஏம்மா, வெடிச்ச ஸ்டவ்வுல எண்ணெய் குலுங்குது?"

கருப்பாத்தாள் ஸ்டவ்வைப் பார்த்தாள். வெடித்த சாமான் முழுசாக இருக்காது என்பது, பட்டறைகளுக்கு நடுவில் இத்தனை வருசம் குடியிருந்தும் அவளுக்குத் தோன்றவில்லை.

வாசலில் நின்ற நஞ்சப்பன் மெல்ல உள்ளே வந்தார். "என்ற புள்ள சீமெண்ணெய் அடுப்பத் தொடமாட்டாளுங்க சார்" என்றார். பிறகு சம்பந்தியைப் பார்த்து, "நான் வாங்கிக் குடுத்த அடுப்பு எங்கீங்க?" என்று கேட்டார்.

"அது... ரிப்பேராயிப் போச்சுங்க. வித்துப்போட்டமுங்க."

அதற்கு மேல் போலீசுக்கு என்ன வேண்டும்? அப்பன் வாங்கிக் கொடுத்த அடுப்பை விற்றுத் தின்றுவிட்டு, பெண்ணை மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தியிருக்கிறார்கள், மிரட்டி அப்படி வாக்குமூலம் கொடுக்கவும் வைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகூடக் கூட்டிச் சொல்லிவிடும் கணக்கு. வேலனைச் சட்டையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார்கள். ஸ்டேஷனில் அவன் உண்மையைச் சொன்னான். முதலில் ஒன்று, அடி விழுந்ததும் ஒன்றா என்று அதற்கும் சேர்த்து அடித்தார்கள். கருப்பாத்தாளும் அழுது புரண்டு நடந்ததைச் சொன்னாள். ஒரு போலீஸ்காரரைப் பவுண்டரிக்கு அனுப்பிப் பார்த்தார்கள். பழைய இரும்பெல்லாம் உலையில் போய், உருகி, மோட்டார் பம்பாக வார்த்து லாரியில் ஏறியாகிவிட்டது. கேஸ் அடுப்பில்தான் தினமும் சமைத்தார்கள் என்று ஹபீபுன்னிசா மட்டும் துணிந்து சொன்னாள். அன்றைக்கு அது எரிந்ததைக் கண்ணால் பார்த்தாயா என்று கேட்டார்கள். பார்க்கவில்லை என்றாள். பொய் சொல்லத் தெரியாதவள்.

மகன் ஜெயிலுக்குப் போனான். கருப்பாத்தாளை ஜாமீனில் விட்டார்கள். வக்கீல் ஒரே ஒரு வழி சொன்னார்: பெண்ணின் அப்பா மனசு மாறி, இவர்கள் மேல் எனக்குச் சந்தேகமில்லை என்று ஆர்.டி.ஓ.விடம் சொன்னால் வழக்கு நிற்காது.

அவள் பவானிக்குப் பஸ் ஏறினாள்.

நஞ்சப்பன் வீட்டில்தான் இருந்தார். கையெல்லாம் சிவப்புச் சாயம். அவளைக் கண்டதும் கத்துவார், செருப்பை எடுப்பார் என்று நினைத்துத்தான் வந்திருந்தாள். அவர் ஒரு பலகையை எடுத்துப் போட்டார். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவளுக்கு அது செருப்படியைவிட மோசமாக இருந்தது.

ஒன்றும் விடாமல் சொன்னாள். நாசில், பட்டறை கேஸ், போசி, சாக்கு, தெளித்த மண்ணெண்ணெய், ஆஸ்பத்திரியில் காதோடு சொன்னது. சொல்லச் சொல்ல அவர் தலை குனிந்தபடியே இருந்தது.

"வள்ளியாத்தா மாமியாக்காரியும் இப்படித்தான் வந்து உக்காந்து அழுதாங்க" என்றார் கடைசியில். "இதே அழுகைதானுங்க. அது பொய்யின்னா இது நெசமுன்னு நான் எப்படிங்க கண்டுபிடிக்கறது? சாகப்போற புள்ள சீமெண்ணெய் ஸ்டவ்வுன்னு பொய் சொல்லுமுங்களா?"

"நாஞ் சொல்லச் சொன்னேனுங்க. அவ அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசலீங்க. சரிங்கத்தைன்னா. அவ்வளவுதான்."

நஞ்சப்பன் நிமிர்ந்தார். முகம் கோணிக்கொண்டு போயிற்று. வேட்டி நுனியை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார். சத்தமே வராமல், தோள் மட்டும் குலுங்கக் குலுங்க அழுதார்.

"அது என்ற புள்ள பேச்சுத்தானுங்க" என்றார். "நம்பறனுங்க. நீங்க கொளுத்தலீங்க."

கருப்பாத்தாளுக்கு உயிர் திரும்பி வந்தது. அவர் காலைத் தொடக் குனிந்தாள். "அப்பன்னா ஆர்.டி.ஓ.கிட்ட ஒரு வார்த்தை..."

"சொல்லமாட்டனுங்க சம்பந்தியம்மா."

அவர் குரலை உயர்த்தவில்லை. "மேலெல்லாம் வெந்து கெடந்தாளே, அப்ப அவளுக்கு வலிக்குதான்னு கேட்டீங்களா? அப்பன் வந்திருக்கறான்னு சொன்னீங்களா? உங்க பையனக் காப்பாத்தறதுக்கு என்ற புள்ள வாயத்தான் கடன் வாங்குனீங்க. இன்னிக்கும் அவளுக்காக அழுகறதுக்கா வந்தீங்க? அதே பையனக் காப்பாத்தறதுக்கு இப்ப என்ற வாயக் கேக்கறீங்க."

அவர் சொன்னது அவ்வளவும் நிஜம். வலிக்குதா கண்ணு என்று அவள் கேட்கவேயில்லை. பஸ்ஸில் வந்த வழியெல்லாம் அவள் யோசித்து வந்ததும் வேலனைப் பற்றித்தான். தன் ஜென்மத்தில் முதல் தடவையாகக் கருப்பாத்தாள் தன்னைக் கண்டே அருவருத்தாள்.

சொம்புத் தண்ணீர் தொடாமலே இருந்தது. எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கினாள். சாவு விழுந்த வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. அது அவளுக்கும் தெரியும். ஆனால் இத்தனை வருசப் பழக்கத்தில் நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

"வாரேனுங்க சம்பந்தி."

நஞ்சப்பன் வாசல் வரைக்கும் வந்து நின்றார். மரியாதை குறையாமல்தான் சொன்னார்.

"வர வேண்டாமுங்க."